மணிக்கூண்டில் எத்தனை பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மருந்துக்கடை மாடியில் கூடுகிற காமிக்ஸ் பிரியர்களில், ஆழமான வாசகர் என்று பெயர் எடுத்தவர் சாவிக்காரர். அந்தப் பெயருக்காக அவர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடிக் கடையில் நாள் முழுக்கச் சாவி வெட்டுகிற மனிதர். யாராவது ஆழம் கீழம் என்று பேசினால் கையில் ஒட்டிய பித்தளைத் தூளைத் துடைத்துக்கொண்டு சும்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒரு தடவை நல்ல பெயர் வந்துவிட்டால் அவர் தும்மினாலும் அதில் அர்த்தம் இருக்கும்.

மாடி அறையில் நாற்காலி ஒன்றுதான். அது மருந்துக்கடைக்காரருக்கு. மற்றவர்கள் இருமல் மருந்து வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகள்மேல் உட்காருவார்கள். கூட்டத்துக்கு மூன்று சட்டங்கள் உண்டு. ஒரு தொடரைப் படிக்கச் சொல்லி யார் பரிந்துரைக்கிறாரோ அவரே இதழ்களையும் இரவல் தரவேண்டும். படித்தவர் தன் அபிப்பிராயத்தை ஒரு சீட்டில் எழுதி, எல்லோர் முன்னிலும் வாசித்துவிட்டு, பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டித் தரவேண்டும். மூன்றாவது சட்டம்தான் கடுமையானது. கதையைச் சொல்லவே கூடாது. படம் எப்படி, வசனம் எப்படி, வேகம் எப்படி என்று எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். யார் யாரைக் கொன்றார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று மட்டும் மூச்சு விடக்கூடாது. படிக்காதவன் பாவத்தைக் கொட்டிக்கொள்ளக் கூடாது என்பார் தபால்காரர்.

தபால்காரருக்குக் கடல் கொள்ளைக்காரி ஒருத்தியின் தொடர் உயிர். அறுபது இதழாகியும் அவளுக்கு ஒரு புதையலும் கிடைக்கவில்லையே என்று கேட்டால், புதையலுக்காக யார் படிக்கிறார்கள் என்று சண்டைக்கு வருவார். மருந்துக்கடைக்காரருக்கு விண்வெளிக் கப்பலில் சமைக்கிற ஒருவனின் கதை. நாற்பதாம் இதழுக்குப் பிறகு ஓவியர் மாறியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. புது ஓவியருக்குக் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. சாவிக்காரர் பரிந்துரைத்தது ஒரே ஒரு தொடரை. 'மணிக்கூண்டுக் காவலன்', இருபத்திநாலு இதழ், முழு வண்ணம்.

அதைப் பற்றி அவர் சொன்னதும் ஒரே ஒரு வாக்கியம்தான்.

"ஒரே மனுஷன் தனக்குள்ளயே சண்டை போட்டுக்கற கதை. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

மற்ற இரண்டு பேரும் படித்தார்கள். படித்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். சாதாரணமாகத் தெரிந்த கதைக்குள் இந்த மனிதர் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாரே என்று மருந்துக்கடைக்காரர் ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு அந்த வாக்கியத்தையே கொஞ்சம் நீட்டி, தன் பெயர் போட்டு, ஒரு காமிக்ஸ் பத்திரிகைக்குக் கடிதமாக அனுப்ப, அது அச்சிலும் வந்துவிட்டது. சாவிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொன்னதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தார். சட்டம் இருந்ததால் அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

அந்த இருபத்திநாலு இதழும் அவர் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய அண்ணன் பார்சலில் அனுப்பியவை. அவர்கள் இருவருக்கும் அதோடு பேச்சு நின்றது. அல்லது அதற்கும் நாலு மாதம் முன்பே நின்றது.

அப்பா அண்ணன் வீட்டில்தான் இருந்தார். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தம்பிக்குத் தகவல் வந்தது பதிமூன்றாம் நாள், எல்லாம் முடிந்த பிறகு. இவர் போய்ச் சேர்ந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது; தெரு கூடும்படி கத்தினார். "நீ வந்து என்ன பண்ணியிருக்கப் போற?" என்று அண்ணன் அத்தனை பேர் முன்னிலும் சொன்னார். அந்த ஒரு கேள்வி இவருடைய நெஞ்சில் இரும்புத் துருவாக இறங்கிவிட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அண்ணன் வாயிலிருந்து வரட்டும், அதுவரை அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

வார்த்தை வரவில்லை. பார்சல் வந்தது. உள்ளே சின்ன வயதில் இருவரும் ஒரே பாயில் குப்புறப் படுத்துப் படித்த மாதிரியான காமிக்ஸ், ஆனால் புதுத் தொடர். மேலே ஒரு துண்டுக் காகிதம். 'கடைசி இதழை இரண்டு தடவை படி. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.'

இவர் இரண்டு தடவை அல்ல, இருபது தடவை படித்தார். கடைசி இதழில் காவலன் மணிக்கூண்டின் உச்சியில், கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டு, வாளைக் கீழே வைத்து, "தப்பு என்னுடையது. மறைத்துவிட்டேன்" என்று தன்னிடமே சொல்லிக்கொள்கிறான். சாவிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியைப் பார்த்து உன் தப்பை நீயே ஒத்துக்கொள் என்று அல்லவா அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார்! மறைத்தது யார், கண்ணாடி பார்க்க வேண்டியது யார்? அவர் பதில் எழுதவில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், கோபத்தில் புரட்டிப் புரட்டியே அந்தக் காவலன்மேல் அவருக்குப் பைத்தியமாகிவிட்டது. காலையில் பாலத்தைக் காப்பாற்றி மாலையில் அதையே இடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனை அவர் வேறெந்தக் காமிக்ஸிலும் பார்த்ததில்லை. அனுப்பியவர்மேல் கசப்பு, வந்த பொருள்மேல் காதல். அண்ணன் உண்மையில் என்னதான் சொல்ல வந்தார் என்ற குடைச்சல் மட்டும் ஒன்பது வருடமாக நிற்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தையல்காரம்மா கூட்டத்துக்கு வந்தார். மருந்துக்கடைக்கு எதிர்வரிசையில் தையல்கடை. தலைவலி மாத்திரை வாங்க வந்தவர், கல்லாவுக்குப் பின்னால் கிடந்த விண்வெளிச் சமையல்காரனை எடுத்து நின்றபடியே முழுசாகப் படித்து முடித்துவிட்டார். இப்படிப்பட்ட ஆளை வெளியே விட்டுவைப்பது தப்பு என்று மருந்துக்கடைக்காரர் மாடிக்குக் கூப்பிட்டுவிட்டார். சாவிக்காரர் தன் இருபத்திநாலையும் அவருக்கு இரவல் தந்தார். மூன்றாம் ஞாயிறு தையல்காரம்மா கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, சீட்டை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாசித்தார்.

"படமெல்லாம் நல்லா இருக்கு. எனக்கு சிவப்பு அங்கி அண்ணனை விட பச்சை அங்கி தம்பியைத்தான் பிடிச்சிருக்கு. அண்ணன் கடைசியில மன்னிப்பு கேட்டது நியாயம்."

மூன்றாவது சட்டத்தை அவருக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. தபால்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவர் படித்த கதைதான், ஆனாலும் கொள்கை. சாவிக்காரர் மட்டும் மெதுவாக, அம்மா, கட்டு மாறிப் போயிருக்கிறது, வேறு யாருடைய தொடரையோ படித்துவிட்டீர்கள் என்றார். அம்மா கட்டைப் பிரித்துக் காட்டினார். இதேதான். சாவிக்காரர் சிரித்தார். இதில் அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது, மொத்தமே ஒரு ஆள்தான் என்றார்.

"உங்க பார்வையில ஒரு ஆள்தான். அதைத்தான் நாங்க ஆறு வருஷமா ரசிச்சுட்டு இருக்கோம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என் பார்வையில இல்லைங்க. புத்தகத்துலயே ஒரு ஆள்தான்."

கீழே யாரோ மணியை அடித்து மருந்து கேட்டார்கள், மருந்துக்கடைக்காரர் அசையவில்லை. தையல்காரம்மா ஏழாம் இதழைப் பிரித்து, இரண்டு காவலர்கள் எதிரெதிரே நிற்கிற கட்டத்தில் விரலை வைத்தார். சாவிக்காரர் அதற்கும் பதில் வைத்திருந்தார். அது அவனுடைய மனம் இரண்டாகப் பிரிவதை ஓவியர் வரைந்திருக்கும் விதம். 'எனக்குப் பின்னால் பிறந்தவன் நீ' என்று வருகிறதே என்றார் அம்மா. கெட்ட புத்தி மனிதனுக்குப் பின்னால்தானே பிறக்கிறது என்றார் இவர். தபால்காரருக்குப் புல்லரித்தது. ஊர்க்காரர்கள் காவலன் காவலன் என்று ஒருமையில்தானே கூப்பிடுகிறார்கள் என்று இவர் கேட்க, முகமூடி போட்ட இரட்டைப் பிள்ளைகள், ஊருக்கு அது தெரியாது, அங்கியின் நிறத்தைப் பார்த்து நமக்குத்தான் தெரியும், அதுதானே கதையே என்றார் அம்மா. எந்த நிறம் என்று கேட்டார் சாவிக்காரர்.

தையல்காரம்மா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு கைப்பையைத் துழாவி இரண்டு நூல்கண்டுகளை எடுத்து அட்டைப்பெட்டிமேல் வைத்தார்.

"இதுல சிவப்பு எதுன்னு எடுங்க."

சாவிக்காரருக்கு இரண்டும் ஒரே சேற்று நிறமாகத்தான் இருந்தது. ஏதோ வித்தை காட்டுகிறார் போல என்று நினைத்து ஒன்றை எடுத்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அப்போதும் யாரும் சிரிக்கவில்லை.

மனிதருக்கு ஐம்பத்திரண்டு வயது. சாவிக்கு நிறம் தேவையில்லை. பல்லும் பள்ளமும் போதும். சட்டை எல்லாம் மனைவி எடுத்து வைப்பதைப் போட்டுக்கொள்வது. வண்டி ஓட்டியதில்லை; சாலையைக் கடக்க மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்த்தால் போதும், எல்லோரும் அப்படித்தான் கடக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். பழம் வாங்கப் போகும்போதெல்லாம் காயை வாங்கிவந்து திட்டு வாங்கியது இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. தபால்காரர் தன் பங்குக்கு, என்ன இருந்தாலும் ஒரு ஆள் என்று படிப்பதுதான் உயர்ந்த வாசிப்பு என்று வாதாட ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். அச்சில் வந்த கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது அல்லவா?

சாவிக்காரர் காதில் எதுவும் விழவில்லை. அவர் கடைசி இதழை எடுத்துத் தையல்காரம்மாவிடம் நீட்டினார். மண்டியிட்டிருப்பது யார் என்று கேட்டார்.

"சிவப்பு. அண்ணன்காரன். எதிர்ல இருக்கறது கண்ணாடிப் பிம்பம் இல்ல, பச்சைத் தம்பி. தம்பிகிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டான் இல்ல, அதுக்கு மன்னிப்பு கேக்கறான்."

அந்த இதழை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவர் படி இறங்கினார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதைத் தபால்காரர் பிறகுதான் கவனித்தார்.

அண்ணன் ஊருக்கு இரண்டு மணி நேரப் பயணம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் இருபத்திநாலு இதழையும் மனசுக்குள் மறுபடி படித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்படியானால் பாலத்தைக் காப்பாற்றியது யார், இடித்தது யார்? தீயில் குழந்தையைத் தூக்கி வந்தவன் சிவப்பா, பச்சையா? தான் ஒன்பது வருடமாக நேசித்த ஆள் எவன்? அவனைப் பிய்த்து இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் இரண்டு பக்கமும் ஏதோ குறைந்தது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக நின்று அவரைச் சுட்டது. அண்ணன் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். வாயால் வராததைப் படமாக அனுப்பியிருக்கிறார். பதில் சொல்லாமல் ஒன்பது வருடம் உட்கார வைத்தது தான்தான்.

கதவைத் திறந்தது அண்ணி. அவரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார். அண்ணன் கணக்கு வாத்தியார். பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டிலேயே பாடம் எடுக்கிறார். சாப்பாட்டு மேஜையில் நோட்டுகளை அடுக்கித் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார், எழுந்தார், பேனாவை மூடத் தெரியாமல் மூடினார். முடி முழுக்க நரைத்துவிட்டது. அப்பா சாயல் அப்படியே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் வழியெல்லாம் அடுக்கி வைத்த பேச்சு தம்பிக்குக் கலைந்துபோனது.

"அண்ணா, நீ மன்னிப்பு கேட்டது எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. அந்தத் தம்பி முன்னாடி அண்ணன் மண்டி போடறது எனக்குத் தெரியாமப் போச்சு."

"எந்த அண்ணன்?" என்றார் அண்ணன்.

தம்பி இதழை எடுத்து மேஜைமேல் விரித்தார். அண்ணன் குனிந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார், ஆனால் முகத்தில் குழப்பம்தான் கூடியது.

"இதுல ஏதுடா அண்ணன் தம்பி? இருக்கறது ஒரே ஆள்தானே."

சாவிக்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் கட்டிய கோட்டை ஒரு வாக்கியத்தில் சரிந்துவிட்டது. அப்படியானால் மன்னிப்பும் இல்லை. தான் முதலில் நினைத்ததுதான் சரி. வந்த வழியே திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கேட்காமல் போனால் இன்னொரு ஒன்பது வருடம் குடையும்.

"அப்போ எதுக்கு இதை எனக்கு அனுப்பினே?"

அண்ணன் கண்ணாடி முன் மண்டியிட்ட அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் நான்தான். அதைச் சொல்லத்தான் அனுப்பினேன்" என்றார். "ஊருக்கெல்லாம் நல்லது பண்றான், தான் மறைச்ச ஒண்ணை மட்டும் கண்ணாடிகிட்ட சொல்லிட்டு உக்காந்திருக்கான். அப்பா ரெண்டு நாள்ல எழுந்துடுவார்னு டாக்டர் சொன்னார், நம்பினேன். அப்புறம் இன்னும் ரெண்டு நாள்னு நம்பினேன். பயத்துல உனக்குச் சொல்லாம விட்டேன். அன்னிக்கு நீ கேட்டப்போ என்னை நானே திட்டிக்க வேண்டியதை உன்மேல கொட்டிட்டேன். படிச்சா நான்தான்னு உனக்குப் புரியும்னு நினைச்சேன். நீ பதிலே போடலை. மன்னிக்க இஷ்டமில்லைன்னு விட்டுட்டேன்."

"நான் அது நான்தான்னு நினைச்சேன்" என்றார் தம்பி. "கண்ணாடியைப் பார்த்து என் தப்பை ஒத்துக்கோன்னு நீ சொல்றேன்னு நினைச்சேன்."

"ஒம்பது வருஷமாவா?"

"ஒம்பது வருஷமா."

இருவருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் தம்பி தையல்காரம்மாவையும் நூல்கண்டையும் பற்றிச் சொன்னார். சிவப்பு, பச்சை, இரட்டைப் பிள்ளைகள். அண்ணன் நம்பவில்லை. இதழைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். முப்பது வருடம் கரும்பலகையில் வெள்ளைச் சாக்குக்கட்டியால் எழுதிய மனிதர். ஒரு தடவை தலைமை ஆசிரியர் மட்டும் எழுதுகிற பச்சைப் பேனாவைத் தன் சிவப்புப் பேனா என்று நினைத்து எடுத்து விடைத்தாள் அத்தனையும் திருத்திவிட்டு, வேண்டுமென்றே செய்ததாகப் பெயர் வாங்கியிருக்கிறார். அதை இப்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு இருவருமாகச் சேர்ந்து அண்ணியைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, இதில் எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

"ரெண்டு பேர். ஒருத்தன் சிவப்பு, ஒருத்தன் பச்சை. ஏன், இது என்ன கேள்வி?"

அண்ணன் தம்பி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் பக்கத்தைத் திருப்பிக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். மண்டியிட்டவனுடைய தோளும், அதன்மேல் ஒரு கையும் மட்டும் பெரிதாக வரையப்பட்டிருந்தது.

"இந்தக் கை யாருது?"

அண்ணி குனிந்து பார்த்தார். "பச்சை. அந்த இன்னொருத்தனோடது."

அண்ணன் விரலை எடுக்கவில்லை. "இதை நான் அவன் கைன்னே நினைச்சுட்டு இருந்தேன். தன் தோளைத் தானே பிடிச்சுக்கிட்டு இருக்கான்னு" என்றார்.

சாவிக்காரரும் அப்படித்தான் நினைத்திருந்தார். அதைச் சொல்லப் போனால் அழுகைதான் வந்தது, ஐம்பத்திரண்டு வயதில், அண்ணிக்கு முன்னால், மறைக்காமல் அழுதார். அண்ணன் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டுகளை ஒருபக்கமாகத் தள்ளினார். மற்ற இருபத்திமூன்றையும் கொண்டுவந்தாயா என்று கேட்டார். தம்பி இல்லை என்று தலையாட்டினார். அடுத்த ஞாயிறு கொண்டுவருவதாகச் சொன்னார்.

"ஞாயிறு வரைக்கும் என்னால முடியாது. நாளைக்கே நான் உன் வீட்டுக்கு வரேன்" என்றார் அண்ணன்.

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவருக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

"நானும் வரேன்" என்றார் அவர். "யார் எவன்னு சொல்ல உங்களுக்கு ஒரு ஆள் வேணாமா?"